யார் வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள்

பொதுப் பூங்காக்களை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாநில அரசுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உள்ளூர் மன்றத்தில் பூங்காவுக்கு நிதி ஒதுக்குபவர், அதன் டெண்டரில் கையெழுத்திடுபவர், மாநிலத் தலைமை அலுவலகத்தில் இருந்தபடி ஏரிக்கரைகளையும் காட்டோரப் பொழுதுபோக்கு இடங்களையும் கவனித்துக்கொள்பவர், காலையில் வந்து கேட்டின் பூட்டைத் திறப்பவர் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பூங்கா என்றால் எனக்கு அவ்வளவு பிரியம். 20 வருடங்களுக்கு மேலாக ஏறக்குறைய தினமும் ஏதாவது ஒரு பொதுப் பூங்காவில் நடந்து வருகிறேன். நன்றாக நடத்தப்படுபவற்றையும் பார்த்திருக்கிறேன், பாழாய்ப் போனவற்றையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாலையில் என்னோடு பூங்காவுக்கு வருவது அவருக்கு வழக்கமாக இருந்தது. மெதுவாக இரண்டு சுற்று நடப்பார். அப்புறம் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த முகங்களோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டபோது, "முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா" என்றார். நானும் நம்பிவிட்டேன். பல மாதங்கள் கழித்துத்தான் உண்மைக் காரணம் தெரிந்தது. பூங்காவில் இருந்த கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். அதற்குப் பயந்து மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்திருக்கிறார். அதுவும் ஒத்துவராததால் வருவதையே விட்டுவிட்டார்.

இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண் இதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வார்? உங்கள் பதிவேட்டில் அந்தப் பூங்காவில் ஒரு கழிப்பறை இருக்கிறது. கட்டிய செலவுக்குக் கணக்கும் இருக்கும். என் அம்மா வராமல் போனது மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். எத்தனை பூங்காக்கள், எத்தனை ஏக்கர், எவ்வளவு செலவு, எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதோடு, யார் வரவில்லை என்றும் எண்ணிப் பாருங்கள். வராத ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தேடிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் நீங்கள் எடுத்த ஒரு முடிவிலோ, எடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு முடிவிலோ போய் முட்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. 1970களில் நியூயார்க் நகரத்தின் சதுக்கங்களையும் சிறு பூங்காக்களையும் வில்லியம் வைட் என்பவர் கேமரா வைத்து மணிக்கணக்கில் கவனித்தார். மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பெண்களின் பங்கு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அந்நகரத்தின் பிரையன்ட் பூங்கா அப்போது போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. போலீஸைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வைட் பூங்காவின் அமைப்பைப் பார்த்தார். தெருவைவிட உயரத்தில் பூங்கா, சுற்றிலும் வேலி, வேலியை ஒட்டி அடர்ந்த புதர். உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியில் போகிறவருக்குத் தெரியாது. உள்ளே போனவருக்கோ சட்டென்று வெளியே வர வழியில்லை. மறைப்புகளை எடுத்துவிட்டு, வாசல்களைக் கூட்டி, பார்வையைத் திறந்துவிடச் சொன்னார். சில ஆண்டுகள் மூடிவைத்துச் சீரமைத்து 1992-ல் பூங்காவை மறுபடி திறந்தார்கள். அவரவர் விருப்பப்படி நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை அங்கங்கே வைத்தார்கள். இன்று அந்நகரத்தில் மக்கள் அதிகம் கூடும் இடங்களில் அதுவும் ஒன்று.

வியன்னா நகராட்சி செய்தது இதைவிட எனக்குப் பிடித்த வேலை. 1990களில் அங்கே நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துவிடுவது தெரிந்தது. பையன்கள் மட்டும் தொடர்ந்து வந்தார்கள். சிறுமிகளுக்கு விளையாட்டில் ஆசை விட்டுப்போய்விட்டது என்று சொல்லி அதோடு முடித்திருக்கலாம். நகராட்சி அப்படி விடவில்லை. பூங்கா என்றால் நடுவில் ஒரே பெரிய திடல், அதைச் சுற்றிக் கம்பி வேலி, போக ஒரு வாசல் என்று இருந்தால், பலம் உள்ளவர்கள் திடலை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், சில நாள் கழித்து வரவே மாட்டார்கள். அதனால் 1999-ல் இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொண்டு மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள். கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெரிய திடலைச் செடிகளாலும் மேடுகளாலும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை விரட்டாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

இதற்குப் பெரிய பணம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சிறுமிகள் எங்கே போனார்கள் என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். உங்கள் பூங்காவில் மாலை ஐந்து மணிக்கு நின்று, பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பியையோ தங்கையையோ ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவள் வேலையாக வந்திருக்கிறாள்.

சரி, மறுபடி கழிப்பறைக்கே வருகிறேன். எத்தனை தடவை சொன்னாலும் தகும் விஷயம் அது. கட்டுவதற்கு ஒரு தடவை பணம் ஒதுக்கினால் போதும். ஆனால் அது பயன்பட வேண்டுமென்றால் தினமும் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும், தண்ணீர் வர வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கதவில் உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வயதானவர்கள் வர மாட்டார்கள். கர்ப்பிணிகள் வர மாட்டார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள், மாதவிடாய் நாட்களில் இருக்கும் பெண்கள், கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் எல்லோரும் வாசலோடு நின்றுவிடுவார்கள். பூங்காவிலேயே எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் பெண் தோட்டத் தொழிலாளி என்ன செய்கிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் ஒருவரிடம் கேட்டேன். பக்கத்துத் தெருவில் தெரிந்த வீட்டில் கெஞ்சிக் கேட்டுப் போய்வருவதாகச் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போனால் அன்று முழுக்க அவர் தண்ணீர் குடிப்பதில்லை. என் அம்மா செய்ததையேதான் அவரும் செய்கிறார், வேலைக்காக.

அடுத்து நேரம். பல பூங்காக்கள் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு நடுப்பகலில் மூடப்படுகின்றன. வெயில் உச்சியில் இருக்கும்போது, நிழல் எல்லோருக்கும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான், ஊரிலேயே நல்ல நிழல் இருக்கும் இடத்துக்குப் பூட்டு. இரண்டு ஆர்டர்களுக்கு நடுவில் வண்டியை ஓரங்கட்டும் டெலிவரி ஊழியர், இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், வீடு வீடாகப் போய் வேலை செய்யும் பெண், அரை நாள் அலைந்து களைத்த நடைவியாபாரி ஆகியோர் எங்கே உட்காருவார்கள்? கையில் காசில்லாமல், எதையும் வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்க ஓர் ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? பூங்காவை விட்டால் நூலகம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மூடுவதற்குச் சொல்லப்படும் காரணமும் தெரியும். தேவையில்லாதவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பீர்கள். ஓர் இடம் வெறிச்சோடிக் கிடந்தால்தான் தப்புக் காரியம் செய்பவருக்கு வசதி. நான்கு பேர் நடக்கிற, இரண்டு குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அதற்குத் துணிச்சல் வராது. பிரையன்ட் பூங்காவும் அப்படித்தான் மீண்டது.

நேரமும் கட்டணமும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பது பழைய கதை. இங்கிலாந்தின் டர்பி நகரத்தில் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி மக்களுக்காகக் கொடுத்த தோட்டம் 1840-ல் திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கென்றே திட்டமிட்டு அமைத்த முதல் பூங்காக்களில் அதுவும் ஒன்று. ஆனால் இலவச அனுமதி வாரத்தில் இரண்டு நாட்கள், ஞாயிறும் புதனும் மட்டும்தான். மற்ற நாட்களில் கட்டணம். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் நிற்பவருக்குக் கிடைத்தது ஞாயிறு ஒன்றுதான். ஏழு வருடம் கழித்து, 1847-ல், பர்க்கன்ஹெட் என்ற ஊரில் உள்ளாட்சியே பொதுப் பணத்தில் பூங்கா கட்டி எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1850-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் அங்கே வந்தார். எல்லாத் தரப்பு மக்களும் ஒரே இடத்தில் அதை அனுபவிப்பதைக் கண்டு வியந்தார். ஜனநாயக நாடு என்று சொல்லிக்கொள்ளும் தன் நாட்டில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் பெயர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். 1858-ல் கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு வரைபடம் போட்டவர் அவர்தான்.

அந்தச் சென்ட்ரல் பூங்காவின் கதையிலும் வராமல் போனவர்கள் உண்டு. பூங்காவுக்கென்று எடுத்துக்கொண்ட நிலத்தில் செனக்கா கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. சுமார் 225 பேர். பெரும்பாலும் கறுப்பின மக்கள், பலர் சொந்த நிலமும் வீடும் வைத்திருந்தவர்கள். 1857-க்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம், ஏரிக்கரையில் நடைபாதை போடுகிறோம் என்று நீங்கள் திட்டம் தீட்டும்போது, அந்தக் கரையில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்ற பக்கத்தைத் தயவுசெய்து முதலில் படியுங்கள். பூங்கா திறக்கும் நாளில் அவர்களும் அங்கே நடக்க வருவார்களா என்று பாருங்கள்.

ஒரு காலத்தில் சட்டமே ஆளை நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம் தன் பூங்காக்களை நிறத்தின் பெயரால் பிரித்து வைத்திருந்தது. மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் திறந்துவிடுகிறோம், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டது. 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அவகாசத்தைத் தர மறுத்துவிட்டது. உரிமை இன்றைக்கே உரியது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நம் கதவுகளில் அப்படி ஒரு பலகை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒருவர் உடுத்தியிருக்கும் உடையைப் பார்த்து வாட்ச்மேன் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டி உள்ளே வரக்கூடாது என்று வாசலில் சுழல் கம்பியோ வளைந்து நெளிந்த தடுப்போ வைக்கிறீர்கள். வண்டி நிற்கிறது, அதோடு சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நின்றுவிடுகின்றன. சாய்தளம் போட்டிருக்கிறோம் என்பீர்கள். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. செங்குத்தாக ஒட்டவைத்த சரிவில் யாராலும் தனியாக ஏற முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் வந்தது. அதன் 30-ஆம் பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் அவர்களுடைய உரிமையாகவே சொல்கிறது. உங்கள் பூங்காவில் கடைசியாக ஒரு சக்கர நாற்காலியை எப்போது பார்த்தீர்கள்?

பெஞ்சுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்காரும் முதியவருக்கு எழுந்திருக்க இன்னொருவர் கை தேவைப்படுகிறது. பெஞ்சு நிழலில் இருக்க வேண்டும். இரும்புச் சறுக்குமரத்தை வெயிலில் நிறுத்தினால் பகல் முழுக்கக் குழந்தைகள் அதைத் தொடக்கூட முடியாது. ஊஞ்சலுக்கு அடியில் சிமெண்ட் தளம் போடவே கூடாது, குழந்தை விழும் என்று தெரிந்துதானே ஊஞ்சல் வைக்கிறோம். மரத்தின் தூர் வரைக்கும் கல் பதித்துவிட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. ஐம்பது வருட மரம் கண்ணெதிரே பட்டுப்போகும். விளக்கு விஷயத்தில் வெளிச்சம் அதிகமானால் பாதுகாப்பும் அதிகமாகும் என்று எண்ண வேண்டாம். நடைபாதையில் மட்டும் கண்ணைக் கூசும் விளக்கு இருந்தால் இரண்டு பக்கத்து இருட்டும் இன்னும் கருக்கும். மிதமாக, சீராக, முகம் தெரியும்படி இருந்தால் போதும். பறவைகளும் தூங்கும்.

பெரிய பூங்காவுக்கு நிலம் இல்லை, பணம் இல்லை என்ற பதிலும் வரும். போருக்குப் பிந்தைய ஆம்ஸ்டர்டாமில் இரண்டுமே தாராளமாக இல்லை. ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் அங்கே நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தார். 1947-ல் ஒரு சிறு சதுக்கத்தில் விளையாட்டிடம் அமைத்தார். ஒரு மணல்தொட்டி, சில உருண்டைக் கற்கள், தொங்கிப் புரள இரும்புக் கம்பிகள், பெரியவர்கள் உட்காரப் பெஞ்சுகள், அவ்வளவுதான். அதைப் பார்த்த மக்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கேட்டு எழுதினார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த வெற்றிடம், முக்குத் துண்டு நிலம், குப்பை கொட்டிய மூலை என்று தேடித்தேடி எடுத்து, அடுத்த முப்பது வருடத்தில் 700-க்கும் மேல் அமைத்துவிட்டார்கள். குழந்தை வீட்டிலிருந்து தானாக நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்ததுதான் அவற்றின் சிறப்பு. ஊருக்கு வெளியே ஒரு பிரமாண்டப் பூங்காவைக் கட்டிவிட்டு, அங்கே போகப் பேருந்து விடாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மாநில அரசுகளிடம் இதையே இன்னும் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் நடத்தும் அருவிக்கரைகளும் அணைப் பூங்காக்களும் காட்டுப் பாதைகளும் அழகானவை. ஆனால் கார் இல்லாதவர் எப்படி வருவார்? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? முன்பதிவை இணையத்தில் மட்டும் வைத்தால் ஸ்மார்ட்போன் இல்லாத குடும்பம் என்ன செய்யும்? 1864-ல் ஆபிரகாம் லிங்கன் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும், எக்காலத்துக்கும் கைமாற்ற முடியாது என்பது நிபந்தனை. ஒரு மாநில அரசின் கையில் பூங்கா என்ற பொறுப்பு வந்து சேர்ந்ததே இப்படித்தான். நிலம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் உங்களுடையது அல்ல.

இதை நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதத்தை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1991-ல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தன் நிதி உதவியைப் பெற்ற பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால், அதே மதிப்பும் பயனும் உள்ள வேறு நிலத்தைப் பூங்காவுக்குத் தர வேண்டும் என்கிறது. இப்படி ஒரு விதியை எந்த உள்ளாட்சியும் தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாம். பூங்கா பெரும்பாலும் ஒரே நாளில் பறிபோவதில்லை. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி வரும், அப்புறம் மின்மாற்றி, அப்புறம் அலுவலகக் கட்டடம், அதற்கு வண்டி நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். கடைசியில் குழந்தைகளுக்கு மிஞ்சுவது வேலி ஓரத்தில் ஒரு பட்டை நிலம்.

இந்த மடலில் உங்களை நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். புதுப் பூங்கா கட்டக் கிடைக்கிற பணம், இருப்பதைப் பராமரிக்கக் கிடைப்பதில்லை. நிரந்தரத் தோட்டக்காரர் ஓய்வுபெற்றால் அந்த இடம் ஒப்பந்தக்காரரிடம் போகிறது. எந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும், எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்த மனிதர் போனதும் அந்த அறிவும் போய்விடுகிறது. சென்ட்ரல் பூங்காவே 1970களில் பணமில்லாமல் சீரழிந்து கிடந்தது. 1980-ல் தனி அமைப்பு ஒன்று உருவாகி, வசதி படைத்தவர்களிடம் நன்கொடை திரட்டித்தான் அதை மீட்டது. எல்லாப் பூங்காவும் பணக்காரர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே அமைவதில்லையே. நன்கொடை தர ஆள் இல்லாத பகுதியின் பூங்காவுக்குத்தான் உங்கள் நிதி முதலில் போக வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு புது நீரூற்றைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் இரண்டு பேரை முழுநேரச் சம்பளத்துக்கு வையுங்கள்.

எண்ணிப் பார்ப்பது கடினமான வேலை இல்லை. ஒரு வாரம், தினமும் நான்கு தடவை, ஒரு நோட்டோடு பூங்காவைச் சுற்றி வர ஒருவரை அனுப்புங்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்று கோடு போட்டால் போதும். அப்புறம் சுற்றியுள்ள தெருக்களில் எப்படிப்பட்டவர்கள் வாழ்கிறார்கள் என்பதோடு அதை ஒப்பிடுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த வீடுகளின் கதவைத் தட்டி, ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். பூங்காவுக்குள் கருத்துப் பெட்டி வைத்தால் அங்கே வருகிறவர்கள் மட்டும்தான் எழுதிப் போடுவார்கள். கிடைத்த எண்களை வாசல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவையுங்கள். இப்போது அந்தப் பலகையில் ஓடாதே, விளையாடாதே, புல்லில் கால் வைக்காதே என்றுதான் இருக்கிறது. அவற்றில் பாதியை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைக்கும். பூங்காவுக்குப் பொறுப்பான அலுவலரின் தொலைபேசி எண்ணையும் அங்கேயே எழுதுங்கள்.

என் அம்மா இப்போது மாலையில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பி வந்ததும், அந்தப் பெஞ்சில் இன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார். ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். நேற்றும் கேட்டார். மற்றதெல்லாம் நேரம் எடுக்கும், எனக்கும் புரிகிறது. அந்தக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் இந்த வாரமே கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தினமும் மாலையில் நடக்க வரும் ஒருவர்